சந்தனம் பூசிய ஸ்பீக்கர்

இறந்துபோன ஒரு மனிதர் தன் நாயைக் கூப்பிட்டுச் சோறு தின்ன வைத்தார். எங்கே? மதுரையில், காளவாசலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில். எப்போது? போன ஆவணி மாதம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே.

சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். டீக்கடையில் இதைச் சொன்னபோது எண்ணெயில் கிடந்த வடைகூடப் புரண்டு புரண்டு சிரித்தது. சாம்பசிவம் மட்டும் சிரிக்கவில்லை.

சாம்பசிவம் என் நண்பர். தல்லாகுளம் பக்கம் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். நானோ, நாலு தூறல் விழுந்தாலே வைகை எங்கள் வாசலுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டது என்று சொல்கிறவன். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது மைத்ரேயியின் வீடு.

மைத்ரேயிக்குப் பத்து வயது. அவள் அப்பா ஜெயராமுக்குக் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆடி மாதத்தில் ஒரு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அவர்கள் வீட்டு நாயின் பெயர் கருப்பு. பெயர்தான் கருப்பு. வயதாகி நரைத்துப்போய், என் தலையைவிட வெள்ளையாக இருக்கும். காதும் பாதிதான் கேட்கும். ஜெயராம் வேலை முடிந்து வந்ததும் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு, வாசற்படியில் நின்று கத்துவார்.

"டேய் கருப்பு! சாப்பிட வாடா!"

அந்தக் கத்தலுக்குத் திருப்பரங்குன்றம் மலை ஓர் அடி தள்ளி உட்காரும். கருப்புக்கு மட்டும் அது மெதுவாகக் கேட்கும். வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

ஜெயராம் போன பிறகு கருப்பு கேட் ஓரமாகப் படுத்துவிட்டது. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு வாய், அரை வாய் தின்றது. பிறகு அதையும் விட்டுவிட்டது. மைத்ரேயி ஊட்டினாள். அவள் அம்மா சுஷ்மா கெஞ்சினாள். நான் கறித்துண்டை ஆட்டிக்காட்டினேன். கருப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். "நோய் எதுவும் இல்லம்மா. ஆனா வயித்துக்கு ஏதாச்சும் போகணும். இல்லாட்டி ரொம்ப நாள் தாங்காது."

அன்றைக்கு மைத்ரேயி அழவில்லை. கருப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் நானும் சாம்பசிவமும் பேசிக்கொண்டிருந்தபோது, செல்போனை எடுத்துக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தாள்.

"வீரணன் தாத்தா, இதைக் கேளுங்களேன்."

எப்போதோ வேலையில் நேரமானபோது ஜெயராம் அனுப்பிய குரல் அது. "டேய் கருப்பு! சாப்பிட வாடா! எந்திரிடா, நல்ல புள்ளைல்ல... இந்தா, இப்ப வந்துர்றேன்."

நான் போனை வாங்கி இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.

"அப்பா அனுப்புன அன்னைக்கே போன்ல போட்டுக் காமிச்சேன் தாத்தா. இந்தச் சின்னச் சத்தம் அதுக்குக் கேக்கல. அப்பாவோட பெரிய ஸ்பீக்கர்ல போட்டா?"

சாம்பசிவம் தலையை ஆட்டினார். "நடக்காதும்மா. மனுசன் யாரு, பெட்டி எதுன்னு நாய்க்குத் தெரியாதா?"

"போட்டுப் பாப்போமே தாத்தா."

ஜெயராமுக்குப் பாட்டென்றால் உயிர். கூடத்து மூலையில், தரையில், ஒரு ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றும் வைத்திருந்தார். மைத்ரேயி செல்போனை ஒயரால் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தாள்.

"ஊம்ம்ம்ம்ம்!"

ஜெயராமின் குரல் அந்த இரைச்சலுக்குள் எங்கோ முங்கிக் கிடந்தது.

"கூட்டும்மா, சத்தத்தைக் கூட்டு!" என்றேன் நான்.

கூட்டினாள். இரைச்சலும் சேர்ந்து கூடியது. காளவாசல் சிக்னலில் நின்ற பஸ்காரர்கள் ரயில் வருகிறது என்று நினைத்து இறங்கி ஓடினார்கள். கருப்பு மிரண்டுபோய்ச் சுவரோரமாக ஒடுங்கியது.

"நீ சும்மா இருய்யா" என்றார் சாம்பசிவம். யாரும் மறுக்கவில்லை.

மைத்ரேயி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செல்போன் சார்ஜரில் கிடந்தது. அதைப் பிடுங்கினாள். இரைச்சல் பட்டென்று நின்றது!

"சார்ஜர்ல இருந்துதான் வந்திருக்கு தாத்தா."

மீதி இருந்தது ஒரு 'உஸ்ஸ்' சத்தம். செல்போனில் ஒலியைக் குறைவாக வைத்து ஆம்ப்ளிஃபயரில் கூட்டியிருந்தாள். அதை மாற்றினாள். செல்போனில் நன்றாகக் கூட்டி, ஆம்ப்ளிஃபயரில் குறைத்தாள். 'உஸ்'ஸும் அடங்கியது.

இப்போது ஜெயராம் பேசினார். ஆனால் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல இருந்தது. "டேய் கருப்பு" என்பது "தேம் கம்மு" என்று கேட்டது. கருப்பு திரும்பவில்லை.

"அப்பா வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுற மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மைத்ரேயி ஸ்பீக்கரின் முன்னால் குனிந்தாள்.

எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் எதையும் விடமாட்டோம். சைக்கிள், மிக்சி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஜெயராம் வருஷா வருஷம் ஸ்பீக்கருக்கும் அப்பியிருந்தார். அதுவும் கொஞ்சநஞ்சமா? முன்பக்க வலைத்துணியில், சின்ன ஸ்பீக்கர் இருக்கும் இடத்துக்கு நேராக, தோசை கனத்துக்குச் சந்தனம் காய்ந்து கிடந்தது. தெளிவான சத்தமெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் இருந்துதானே வரவேண்டும்!

"ஈரத்துணி கொண்டா, ஒரு நிமிஷத்துல துடைச்சிரலாம்" என்றேன்.

"தொடாதீங்க!"

சுஷ்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"அது அவரு வச்ச பொட்டு. அவரு விரல் பதிஞ்சது அப்படியே இருக்கு. பாருங்க."

பார்த்தோம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். குங்குமத்தில் ஜெயராமின் கட்டைவிரல் ரேகை, வளைவு வளைவாக. இப்போதுதான் அழுத்திவிட்டுப் போனதுபோல இருந்தது.

குரல் வேண்டுமென்றால் விரலை அழிக்க வேண்டும். விரல் வேண்டுமென்றால் குரல் இல்லை. வெளியே கருப்பின் விலா எலும்பு தெரிந்தது.

மைத்ரேயி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "துடைக்க மாட்டேம்மா. சத்தியமா துடைக்க மாட்டேன்."

பிறகு ஸ்பீக்கரைத் தூக்கினாள். "இங்க வேணாம். அப்பா நின்னு கூப்பிடுற எடத்துல வச்சுப் பாப்போம். அங்கயாச்சும் கேக்குதான்னு."

நாங்களும் ஒரு கை கொடுத்தோம். வழியில் வலைத்துணியின் ஓரம் என் விரலில் மாட்டி, 'டக்' என்று ஒரு மூலை கழன்றது. எனக்கு உயிரே போய்விட்டது. எமன் எருமையோடு வாசலில் நின்று வரவா என்று கேட்டான்.

"இருங்க தாத்தா!" மைத்ரேயி உற்றுப் பார்த்தாள். "கிழியல. இது தனிச் சட்டம். நாலு மூலையிலயும் குமிழ் வச்சு அழுத்தியிருக்காங்க." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, துடைக்க வேணாம். சட்டத்தோட கழட்டிக்கிறேன். பொட்டு அப்படியே இருக்கும்."

சுஷ்மா அந்தக் கட்டைவிரல் ரேகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

மைத்ரேயி மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்ற மூலைகளையும் நெம்பினாள். ஒரு பொடிச் சந்தனம்கூட உதிரவில்லை. சட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், அப்பா படத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

வாசற்படியில் ஒரு முக்காலியைப் போட்டாள். அதன்மேல் ஒரு ஸ்டூல். அதன்மேல் ஸ்பீக்கர். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரும் செல்போனும்.

"எதுக்கும்மா அம்புட்டு உயரம்?" என்றார் சாம்பசிவம்.

"அப்பா வாய் அங்கதான தாத்தா இருக்கும்."

சாம்பசிவம் ஸ்பீக்கர் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோறு பிசைந்த தட்டைப் படியில் வைத்தாள். செல்போனைத் தொட்டாள்.

"டேய் கருப்பு! சாப்பிட வாடா!"

ஐயோ, ஜெயராமேதான்! அந்தக் கரகரப்பு, அந்த இழுவை, எல்லாம் அப்படியே. தெருவில் போனவர்கள் நின்றார்கள். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

கருப்பின் காது ஒன்று எழுந்தது. பிறகு இன்னொன்று.

"எந்திரிடா, நல்ல புள்ளைல்ல..."

கருப்பு எழுந்தது. கால் தடுமாறியது. விழப்போய்ச் சமாளித்து நடந்து வந்தது. படியில் ஏறி ஸ்பீக்கரைப் பார்த்தது. ஸ்டூலின் காலை மோந்தது. சுற்றி வந்து பின்னால் தேடியது. அங்கே யாரும் இல்லை. பிறகு மைத்ரேயியின் முகத்தைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

அவள் தட்டைப் பக்கத்தில் தள்ளினாள். "சாப்பிடுறா கருப்பு."

கருப்பு குனிந்து ஒரு வாய் தின்றது. இன்னொரு வாய். பிறகு தட்டு படியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

சாம்பசிவம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, பாதியிலயே நிப்பாட்டிட்ட? இன்னும் ஏதோ இருந்துச்சே?"

"அடுத்து அப்பா 'இப்ப வந்துர்றேன்'னு சொல்வாரு தாத்தா." மைத்ரேயி கருப்பின் முதுகைத் தடவினாள். "கருப்பு அதை நம்பி மறுபடியும் கேட்டுல போய்ப் படுத்துக்கும். பாவம்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். சுஷ்மா வந்து படியில் உட்கார்ந்து, மகளை ஒரு கையாலும் நாயை ஒரு கையாலும் அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கருப்பு கேட்டுக்குப் போவதில்லை. படியிலேயே படுத்துக்கொள்கிறது.

இதைத்தான் டீக்கடையில் சொன்னேன். மலை நகர்ந்தது, பஸ்காரர்கள் ஓடியது, எமன் வந்தது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏன் சார், நீங்க சொல்லுங்க" என்று கடைக்காரர் முத்திருளன் சாம்பசிவத்திடம் கேட்டார். "செத்துப்போன ஜெயராம் நாயைக் கூப்பிட்டாராம், அது சாப்பிட்டுச்சாம். நீங்க இதை நம்புறீங்களா?"

சாம்பசிவம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கோர்ட்டில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"வீரணன் சொன்னதுல மலை பொய், பஸ்ஸு பொய், எமன் பொய்" என்றார். "இது மட்டும் நடந்துச்சு. ஸ்பீக்கரைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்."