வயிற்றோடு அணைத்த போத்தல்

பிள்ளை மூச்சை இழுக்கும்போது பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கைக் கசக்குவது போல ஒரு சத்தம் கேட்டது.

ஜீவராணி சேலைத் தொட்டிலை விலக்கித் துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். பை எதுவும் இல்லை. மூன்று மாதப் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. பின்னேரத்திலேயே மூடுபனி இறங்கி தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவின் ஒற்றை ஜன்னலை அடைத்துவிட்டது. தகரக் கூரையில் மழை, அடுப்பில் ஈர விறகின் புகை, கொடியில் காயாத துணிகளின் புளித்த வாடை, இவற்றுக்கெல்லாம் நடுவே அந்த மெல்லிய சரசரப்பு மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது. சளியாகத்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவளுக்குச் சமாதானம் அவ்வளவு சுலபமாக வருமா?

ஞாயிற்றுக்கிழமை வந்த நாத்தனார் லோஜினிதான் இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டுப் போனாள். அவள் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அடுப்பருகே கிடந்த பழைய பிளாஸ்டிக் சோடா போத்தலை எடுத்து, சூட்டில் சுருங்கி வளைந்திருந்த அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணி, இதுலயா கொதிக்கக் கொதிக்க தேத்தண்ணி ஊத்திக்கிட்டுப் போறீங்க?"

"எல்லாரும் அப்பிடித்தானே கொண்டு போறோம். மலையில என்னா குளிரு."

எல்லோரும்தான். ஜீவராணி அதிலும் ஒரு படி மேல். மாசமாக இருந்தபோது, கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குத் துணிக்குள் அந்தச் சூடான போத்தலைச் செருகி வயிற்றோடு அணைத்துக்கொள்வாள். உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்ற நினைப்பு. தேத்தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். சீனியைக் கூடப் போட்டால் தெரியாது.

"சூட்டுல அது கண்ணுக்குத் தெரியாத தூளா உதிரும் அண்ணி. ரத்தத்துல போயி ஒடம்புல உள்ள செல்லுக்குள்ள ஏறிடும். செல்லு அத சாப்பாடுன்னு நெனச்சு முழுங்கிடும். அப்புறம் கரைக்கவும் முடியாது, துப்பவும் முடியாது."

"புள்ளைக்கும் போகுமா?"

லோஜினி போத்தலைக் கீழே வைத்தாள். "இனிமே இது வேணாம் அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளை விழித்து அழுதது. ஜீவராணிக்கு மார்பு கனத்தது, ஆனால் கொடுக்கப் பயமாக இருந்தது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பீய்ச்சிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலின் மேல் ஆடை படிந்தது. காய்ச்சாத பாலில் ஆடை. விரலால் எடுத்தாள். நீண்டது, கிழியவில்லை. அடுப்பில் போட்டாள். சுருண்டு, உருகிச் சொட்டியது. உரப்பை எரியும் அதே நாற்றம்.

போனை எடுத்து, பிள்ளைக்குப் பால்மா டின் வாங்க டவுனுக்குப் போயிருந்த கணவனை அழைத்தாள்.

"பால்மா வாங்கிட்டேன்," என்றான் கணேசமூர்த்தி. "மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிருச்சு. வர நேரமாகும். நீ பால் குடுக்க வேண்டியதுதானே, புள்ளைய ஏன் பட்டினி போடுற?"

போனை வைத்துவிட்டாள். சீனித் தண்ணீர் கலக்கிக் கரண்டியால் ஊட்டினாள். பிள்ளை துப்பியது. பக்கத்துக் காம்பிரா வினோதாவும் பால் கொடுப்பவள்தான், கேட்டால் கொடுப்பாள். ஆனால் அவளும் அதே மலை, அதே போத்தல்.

அழுகை தேய்ந்து விக்கலானது. உதடு நீலம் பாய்ந்தது.

"சாமி, இந்தப் புள்ளையையாவது உட்டுடு."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பிள்ளையை மடியில் போட்டாள். அது ஆவலாகக் கவ்விக்கொண்டது.

மழை விட்டிருந்தது. காம்பிராவில் அந்தச் சத்தம் மட்டும். சரசர. பிள்ளையின் மூச்சில். பிறகு அவள் நெஞ்சுக்குள்ளும்.

போதும் என்று பிள்ளையின் வாயை விலக்கினாள். மார்பிலிருந்து அந்த வாய்வரை ஒரு மெல்லிய நூல், அடுப்பு வெளிச்சத்தில் மினுங்கியது. விரலால் வெட்டினாள். அறுபடவில்லை. பற்றி இழுத்தாள். பிள்ளையின் தொண்டைக்குள் எதுவோ சேர்ந்து அசைந்தது. அவள் நெஞ்சுக்குள்ளும் சுரீரென்றது. கையை விட்டாள்.

பிள்ளை அவளையே பார்த்தது. இமைக்கவில்லை. கண்களின் மேல் கண்ணாடி போல ஒரு ஆடை.

பொக்கை வாயைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அந்த நூலை உறிஞ்சி விழுங்கத் தொடங்கியது. அது அவள் மார்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது.