இன்ஜினுக்குள் தேவசகாயம்!

"ஐயோ...!"

ரெஜினாவின் அலறல் செங்கல்பட்டில் அந்தத் தெருமுனை வரை கேட்டது.

வாசலில் மிக்சி ரிப்பேர் செய்துகொண்டிருந்த கிருபாகரன் துள்ளி எழுந்தான். மனைவி கையில் பிரித்த கவர். டெல்லி முத்திரை!

"இன்னா ரெஜி... பதில் வந்துட்ச்சா?"

வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து!

1994-ல் ஒரு விமானப்படைத் தளத்தில் கிருபாகரன் மெக்கானிக். அவன் கடைசியாகக் கை வைத்த பயிற்சி விமானம், கிளம்பிய வேகத்தில் சேற்றில் படுத்துவிட்டது. பைலட் குதித்துத் தப்பினார். 'இன்ஜினுக்குள் அந்நியப் பொருள்' என்றார்கள். என்ன பொருள்? ராணுவ ரகசியமாம்! கிருபாகரனுக்கு வேலை போனது.

ஸ்பானரை உள்ளேயே விட்டுவிட்டான் என்று ஊரே பேசியது. எல்லோரையும்விட உரக்கப் பேசியவர் படாளம் ஊர்க்காரரான அவன் மாமனார் தேவசகாயம்.

"பதினாலு ஸ்பானரையும் எண்ணி போர்டுல மாட்டினேன்!" என்று இவனும் கத்தாத நாளில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததுதான் தாமதம், மனு போட்டுவிட்டான். நிரபராதி என்று ஒரு வரி போதும்... போன மானம் திரும்பிவிடும்!

"ஸ்பானர் இல்லியாம்..." ரெஜினா கடிதத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் சொல்லல?! அப்புறம் இன்னாவாம்?"

அவள் ஒரு போட்டோவை நீட்டினாள்.

நசுங்கிய எவர்சில்வர் டம்ளர்!

விளிம்பில் வெட்டிய எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

'தேவசகாயம், படாளம்.'

உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்த மாமனாரின் கை பாதியில் நின்றது.

"யோவ் மாமா...! நீயா?!"

"கர்த்தரே! ஏரோபிளேன நான் அண்ணாந்துதான்யா பாத்துக்கீறேன்!"

"பேரு கீதே! பன்னெண்டு வருசமா என்னிய 'பிளேன கவுத்தவன்'னு கூப்ட்டியே... ரெஜி, போலீசுக்குப் போன் போடு!"

"இரு மாப்ள! யாருக்குப் பாத்திரம் குடுத்தாலும் பேரு வெட்டித்தான் குடுப்பேன்..."

"டம்ளரு யாருக்குக் குடுத்த? சொல்லு!"

தேவசகாயம் தலையைச் சொறிந்தார்.

"ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான். உங்க கல்யாணத்துக்கு... ஆறு."



ரெஜினா மெல்லச் சமையலறைக்குப் போனாள். ஷெல்பிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

டங்... டங்... டங்... டங்... டங்...

அவ்வளவுதான்!

"ஆறாவத பக்கத்து வூட்டு ஜெசிந்தாதான் லவட்டிட்டான்னு பன்னெண்டு வருசமா அவ மூஞ்சில முழிக்காம கீறேன்..." சட்டென்று திரும்பினாள். "யோவ்! அப்ப வேலைக்குப் போறச்ச டீ குடிக்க இன்னாத்த எடுத்துகினு போன?"

கிருபாகரனின் முகம் வெளுத்தது.

சூடான கேன்டீன் டீ... கை சுட்டது... வைக்க இடம் தேடினான்... பக்கத்திலேயே இன்ஜின் வாய்...

"ஆனா ரெஜி... ஸ்பானர எண்ணினேன்! சத்தியமா எண்ணினேன்!" அழுதேவிட்டான்.

தேவசகாயம் மிச்ச இட்லியை நிதானமாக முடித்தார்.

"அரசாங்கமே மறந்துகினு இருந்துச்சு. ரிஜிஸ்தர் தபால் போட்டு நீயே மாட்டிகினியே மாப்ள!"

ரெஜினா வெள்ளைத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

"யாருக்கு ரெஜி?"

"டெல்லிக்கு. இன்னொரு மனு."

"என்னிய மன்னிச்சு வுடச் சொல்லியா?"

"என் டம்ளர எப்ப திருப்பித் தருவாங்கன்னு!"