இடது கருக்குழாய்

காலையில் ஸ்கூல் வேன் வரும் நேரம் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். "போயிட்டு வாடா." "போயிட்டு வாடி தங்கம்." டிபன் பாக்ஸை மறந்த பிள்ளையை வைதுகொண்டே துரத்துகிற அம்மாகூட, வேன் கிளம்பும் நொடியில் அதைச் சொல்லாமல் விடமாட்டாள். சாயங்காலம் அதே வேன் திரும்பியதும் அதே அம்மாக்கள், "வந்துட்டியா?" என்பார்கள். கண்ணெதிரே வந்து நிற்கிற பிள்ளையிடம் இதென்ன கேள்வி என்று யாரும் யோசிப்பதில்லை. மாடி வீட்டு அனுசுயா மட்டும் யோசிப்பாள். இரண்டு வருடமாகத் துணி காயப்போடும் சாக்கில் பால்கனியில் நின்று அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அனுசுயா பெத்தாலஜி டாக்டர். ஊசி போட மாட்டாள், மருந்து எழுத மாட்டாள். ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அது புற்றா வெறும் புண்ணா என்று சொல்வதுதான் வேலை. துறையூரில் இருக்கும் அவள் அம்மாவுக்கு, மகள் என்ன டாக்டர் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இன்றுவரை ஒரு பதில் அமையவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு கரு உண்டானது. சேரவேண்டிய இடத்துக்கு அது வந்து சேரவில்லை. கருப்பைக்கு வரும் வழியில், இடது கருக்குழாயின் குறுகலான இடத்தில் சிக்கி, அங்கேயே வளர்ந்து, குழாயைக் கிழித்துக்கொண்டு வெடித்தது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். வலது குழாயும் வீங்கிக் கெட்டுப்போயிருந்ததால் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். "இனிமே இந்தப் பயமே உங்களுக்கு இல்லைங்க" என்று சர்ஜன் ஆறுதல் சொன்னபோது, வேறு எதெல்லாம் இனிமேல் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. எடுத்ததைப் பரிசோதனைக்கு எந்த லேபுக்கு அனுப்பினார்கள் என்று அவள் கேட்கவில்லை. ரிப்போர்ட்டைப் பிரிக்கவும் இல்லை. ஊரார் சதையையெல்லாம் உற்றுப் பார்த்தவளுக்குத் தன்னுடையதைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

வீட்டில் அடைந்து கிடந்தது போதும் என்று கணவன் கலையரசன் நச்சரித்த பிறகு, மழைக்காலம் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, உறையூரில் ஒரு தனியார் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய ஓட்டு வீடு. வெளிச்சம் வரும் முன்னறையில் மைக்ரோஸ்கோப், நடுக்கூடத்தில் சதையை மெழுகில் பதித்துச் சீவும் இயந்திரம், பின்னால் பூட்டிய ஓர் அறை. உள்ளே நுழைந்ததுமே ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. அதன் அடியில் உருகிய மெழுகின் வாசனை.

டெக்னீஷியன் லூர்துராணி பாலக்கரைக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், வேலையில் படு சுத்தம். பெயரைக் கேட்டதும் ஒரு கணம் நின்றாள்.

"அனுசுயா கலையரசனா மேடம்?"

"ஆமாக்கா. ஏன்?"

"ஒண்ணும் இல்லைங்க. சும்மா கேட்டேன்."

அந்த வாரமே முதல் துணுக்கு வந்தது.

திருவெள்ளறை விவசாயி ரங்கசாமியின் பித்தப்பை. கல் நிறைந்து எடுத்தது, சாதாரணக் கேஸ். ஸ்லைடின் ஓரத்தில், பித்தப்பைக்குச் சம்பந்தமே இல்லாமல், குட்டியாக வேறொரு சதை ஒட்டியிருந்தது. அனுசுயா உருப்பெருக்கிப் பார்த்தாள். சினைப்பை. அதன் ஓரத்துத் திசுவில், தட்டையான செல்கள் ஒரு வரிசை சுற்றி நிற்க, நடுவில் ஒற்றைக் கருமுட்டை. பெண் பிறக்கும்போதே கூடப் பிறந்து, முறை வரும்வரை தூங்குகிற முட்டை.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மெழுகோடு தோல்போலச் சீவிய சதையை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுத்தான் கண்ணாடியில் ஏந்துவார்கள். முந்தைய ஆளின் துணுக்கு தண்ணீரில் தங்கிவிட்டால் அடுத்த ஆளின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளோட்டர் என்பார்கள். எல்லா லேபிலும் நடப்பது.

"ராணிக்கா, ரங்கசாமி ஐயாவுக்குச் சினைப்பை இருக்கு போல. தொட்டியைக் கொஞ்சம் கழுவுங்க."

லூர்துராணி சிரிக்கவில்லை. "காலையில புதுத் தண்ணிதான் மேடம் ஊத்தினேன். இந்த வாரம் பொம்பளைங்க கேஸே வரலைங்க."

இரண்டு நாள் கழித்து அனுசுயா தாமதமாக வந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, எழவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்திருந்தாள். வந்து உட்கார்ந்து முதல் ஸ்லைடை வைத்தாள். ஒரு பள்ளிக்கூடப் பையனின் டான்சில்.

ஓரத்தில் அது இருந்தது.

இப்போது முட்டை தூங்கவில்லை. சுற்றியிருந்த தட்டைச் செல்கள் பருத்து அடுக்கடுக்காகப் பெருகியிருந்தன. நடுவில் நீர் கோத்த ஒரு குழி. முட்டை அதன் ஒரு பக்கமாக ஒதுங்கிப் புறப்படத் தயாராக நின்றது. வேறு யாருடையதோ என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், செல்லைப் பார்த்தே காலம் தள்ளியவளுக்கு முகம் அடையாளம் தெரியாமல் போகுமா? முந்தாநாள் பார்த்த அதே முட்டை. வளர்ந்திருந்தது.

மறுநாள் ஒரு கிழவரின் தோல் கட்டியில், குழி வெடித்துக் காலியாகக் கிடந்தது. முட்டையைக் காணோம். பக்கத்தில் கருக்குழாயின் வாய், விரல் விரலாக விரிந்து எதையோ வாங்கக் காத்திருந்தது. அதற்கடுத்த நாள் யாருடைய குடல்வாலிலோ, குழாயின் அகன்ற பகுதி. சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக உட்சுவர். அந்த மடிப்புகளுக்கு நடுவில், உருண்டையாக, ஒன்றாக இருந்தது பலவாகப் பிரியத் தொடங்கிய ஏதோ ஒன்று.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லூர்துராணி சாப்பிடப் போயிருந்தாள். லேபில் ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அனுசுயா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் உண்டு. பாடப்புத்தகத்தில் குற்றிழை என்பார்கள். உயிருள்ள உடம்பில் அவை ஓயாமல் ஆடி, முட்டையைக் கருப்பைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். ஸ்லைடில் இருப்பவை ஆடாது. ஃபார்மலினில் ஊறி, மெழுகில் கிடந்து, சாயத்தில் முங்கி, கண்ணாடிக்குள் ஒட்டப்பட்டவை.

அவை ஆடின.

ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, அலை அலையாக.

அவள் கையை மேஜையிலிருந்து எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதிர்வு எதுவும் இல்லை.

ஆடிக்கொண்டுதான் இருந்தன. உருண்டை ஒரு மடிப்பைத் தாண்டியது.

அடிவயிற்றில், இடது பக்கம், யாரோ விரலால் மெல்லத் தொட்டதுபோல் இருந்தது.

லூர்துராணி வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஆடுதாக்கா?"

"தெரியலை மேடம். ஆனா இது யாருதுன்னு தெரியும்." குரல் தாழ்ந்துவிட்டது. "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க டியூப் இங்கதான் வந்துச்சு. நான்தான் மெழுகுல பதிச்சேன். நீங்க வந்து பேரு சொன்ன அன்னிக்கே தெரியும். எப்படிங்க வாயத் தொறந்து சொல்றது? பின்னாடி ரூம்ல இருக்கு. பழைய பிளாக் எதையும் நாங்க தூக்கிப் போடுறதில்லை."

அனுசுயாவுக்கு முதலில் வந்தது அழுகைகூட இல்லை, ஒரு விதமான நிம்மதி. ஆக, பேய் பிசாசு இல்லை. பின்னறையில் இருக்கிற தன் பழைய குழாயிலிருந்து எப்படியோ துணுக்கு உதிர்ந்து வருகிறது. சரி, குழாய் அங்கிருந்து வந்தது. சினைப்பை?

சினைப்பையை யாரும் எடுக்கவில்லை. அது இன்னும் அவள் வயிற்றுக்குள்ளேதான் இருந்தது.

அந்த நினைப்பை அவள் மேலே தொடரவிடவில்லை. ஆனால் துணுக்குகள் நிற்கவில்லை. வெந்நீர்த் தொட்டியையே மாற்றிப் பார்த்தார்கள், கத்தியை மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு துணுக்கிலும் குழாயின் மடிப்புகள் குறைந்துகொண்டே வந்தன, சுற்றியிருந்த தசை தடித்துக்கொண்டே வந்தது. அதன் அர்த்தம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருக்குழாய் கருப்பையை நெருங்க நெருங்க இப்படித்தான் குறுகும். போன முறை சிக்கி வெடித்தது அந்த இடத்தில்தான். அந்த உருண்டை அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? எங்கே வெடிக்கும்? கண்ணாடியிலா? வயிற்றின் இடது பக்கம் இப்போது சுரீர் சுரீர் என்று வலித்தது. குழாயே இல்லாத இடத்தில் வலி.

வெள்ளிக்கிழமை வந்த துணுக்கில் மடிப்பே அரிதாகிவிட்டது. அனுசுயா எழுந்தாள்.

"அந்த பிளாக்கைக் குடுங்கக்கா. நான் கொண்டுபோய் விட்டுடுறேன்."

லூர்துராணி தயங்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை மெழுகு. அதன் நடுவே பழுப்பாக ஒரு வட்டம். தன் குழந்தையைத் தான் இதுவரை பார்த்ததே இல்லை என்று அனுசுயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போதும் சரியாகப் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது.

வீட்டுக்குப் போகாமல் ஆட்டோவை நேரே கொள்ளிடக் கரைக்கு விடச்சொன்னாள். மதியம்தான், ஆனாலும் மேகம் கவிந்து சாயங்காலம் போல இருந்தது. ஆற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடியது. கரையில் ஆள் இல்லை. எப்படி அனுப்பவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். குனிந்து தண்ணீரில் விட்டாள்.

மெழுகு மிதக்கும். பதட்டத்தில் அதைக்கூட மறந்திருந்தாள். அது முழுகாமல் ஒரு சுற்றுச் சுற்றி அவள் கால்களுக்கே திரும்பி வந்தது. விரலால் தள்ளினாள். மறுபடி வந்தது. பாதத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் அணைத்து எடுத்து, முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, இழுப்பு இருக்கும் இடம் பார்த்து விட்டாள். இந்த முறை நீர் வாங்கிக்கொண்டது. சின்ன வெள்ளைச் சதுரம் ஆடி ஆடித் தூரம் போனது.

"போயிட்டு வா தங்கம்."

வாய் சொல்லிவிட்டது.

வேனைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வருடமாக உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பழகிய வாய். எந்தப் பிள்ளைக்கும் சொல்லக் கிடைக்காத வார்த்தை. அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டாள். எழவு வீட்டில் சொல்லவே கூடாததைச் சொல்லிவிட்டாள்.

தூரத்தில் வெள்ளைச் சதுரம் ஓடும் தண்ணீரில் ஒரு கணம் நின்றது. பிறகு போய்விட்டது.

அதன் பிறகு ஒரு துணுக்கும் வரவில்லை. பித்தப்பையில் பித்தப்பை இருந்தது, டான்சிலில் டான்சில் இருந்தது. வயிற்று வலி நின்றது. லூர்துராணி பாட்டுகூட முணுமுணுத்தாள். அனுசுயா நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். "உறையூர்த் தண்ணி ஒத்துக்கிச்சு போல" என்று கலையரசன் கிண்டல் செய்தான். மாதவிலக்கு தள்ளிப்போனபோது வயசாகிறது என்று விட்டுவிட்டாள். இரண்டாம் முறையும் தள்ளிப்போய், காலையில் காபி வாசனைக்குக் குமட்டி, இடது பக்கம் சுரீர் என்று இழுத்த அன்று, அவளே கலையரசனிடம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

ஸ்கேன் டாக்டர் ஆனந்தவள்ளிக்குக் கலகலப்பான சுபாவம். வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து, பேசிக்கொண்டே திரையைப் பார்த்தவர், பேச்சை நிறுத்தினார்.

"கரு இருக்குங்க. துடிப்பும் இருக்கு. ஆனா கருப்பைக்குள்ள இல்லை. இடது டியூப்ல இருக்கு."

கலையரசன் அசட்டுத்தனமாகச் சிரித்தான். "டியூப் எடுத்தாச்சுங்க டாக்டர். ரெண்டுமே."

"விட்டுப்போயிருக்கும். எனக்குத் தெளிவாத் தெரியுதே."

"விட்டுப்போகலை" என்றாள் அனுசுயா. "நானே கையில எடுத்துட்டுப் போனேன்." குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எந்த இடத்துல இருக்கு? குறுகலான இடத்துக்கு வந்துடுச்சா?"

"கிட்ட வந்துடுச்சு. இன்னிக்கே தியேட்டருக்குப் போயிடணும்மா. தாங்காது." டாக்டர் கருவியை எடுத்து மாட்டிவிட்டு, போனைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினார். கலையரசன் பின்னாலேயே ஓடினான்.

அறையில் அவள் மட்டும். வயிற்றில் இருந்த ஜெல் சூடாக இருந்தது. மெழுகு வாசனை அடித்தது.

கருவி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் உடம்பை எதுவும் தொடவில்லை.

திரையில் படம் போகவில்லை.

கறுப்புக்கு நடுவில் சின்ன வெள்ளைப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, எந்த ஸ்கேனிலும் தெரிய முடியாத நுண்ணிய மயிர்கள், அலை அலையாக.

என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒற்றை வார்த்தை. பிள்ளையிடம் எந்த அம்மாவும் சொல்லாத வெறும் "போ". அதைச் சொன்னால் போதும், தான் பிழைத்துக்கொள்ளலாம். அவள் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டியா?"

துடிப்பு ஒரு கணம் நின்றது, யார் குரல் என்று கேட்பதுபோல. பிறகு வேகமாகத் துடிக்கத் தொடங்கியது.