இரண்டு சுற்று திருகாணி

மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவன் முதலில் பார்த்தது அவள் கண்களைத்தான்... அதுவும் இறுக மூடியிருந்த கண்களை! மூட வைத்தவனும் அவனேதான்.

அவன் ரொட்டிக்கடைக்காரன். விடியுமுன் மாவு மூட்டைகளோடு மூடுபனியில் கார் ஓட்டுகிறவன். கார் கம்பெனி பம்பரில் போட்டுக் கொடுத்த மூடுபனி விளக்கின் வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு அவன் கண்ணையே கூச வைத்தது. அதனால் வீட்டு வாசலிலேயே, பம்பருக்கடியில் மல்லாந்து கிடந்து மஞ்சள் பல்பு மாட்டினான். உயரம் அளந்தான். மூட்டைகளை டிக்கியில் ஏற்றினான். சுவிட்சைப் போட்டான். ஸ்கூட்டரில் வந்த எதிர்வீட்டுக்காரி நேராகப் பூந்தொட்டிகளுக்குள் போய் நின்றாள்.

"ஹலோ! இது காரா, கலங்கரை விளக்கமா?"

"சாரிங்க... ஆனா லைட் சரியாத்தான் இருக்கு. டேப் வெச்சு ரெண்டு தடவ அளந்தேன்."

"அப்போ என் கண்ணுதான் தப்பான உயரத்துல இருக்கா?"

அந்தக் கண்கள் இப்போது திறந்திருந்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி... பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு ரோஷமும் வந்தது. உப்பைக்கூட கிராம் கணக்கில் நிறுக்கிறவனிடமா அளவு தப்பு என்பது?

"நான் அளந்தா தப்பாதுங்க."

"சரி, உங்க பாடு!"

மூன்று நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் விடியலில், எதிரே கண் கூசிப் பிரேக் அடித்த பால் வண்டிக்காரர் திட்டிய திட்டில் அவன் விறைப்பெல்லாம் இறங்கிவிட்டது. மாலையில் அவள் வீட்டு மணியை அடித்தான்.

"தப்புதாங்க... எங்க தப்புன்னுதான் தெரியல."

வாகனச் சோதனை நிலையத்தில் விளக்குகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"அளக்கும்போது டிக்கில மூட்டை இருந்துச்சா?"

"இல்லையே... காலிதான்."

"பின்னாடி பாரம் ஏறினா வண்டி மூக்கத் தூக்கும். வெளிச்சமும் மேல போகும். மூட்டைய ஏத்துங்க, நீங்களும் உள்ள உட்காருங்க. தனியா செய்ற வேலை இல்ல இது."

அவன் உட்கார்ந்தான். அவள் விளக்கின் திருகாணியைத் திருகத் திருக, சுவரில் மஞ்சள் வெளிச்சம் மெல்ல இறங்கி வந்தது. "அவ்ளோதான், முடிஞ்சது," என்றாள். அந்த வார்த்தை அவனுக்குப் பிடிக்கவேயில்லை.

சனிக்கிழமை போய் நின்றான். "மறுபடி ஏறிடுச்சுங்க..." வந்து சரிசெய்தாள். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. மூன்றாவது சனிக்கிழமை, மழையில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"திருகாணித் தலையில புதுக் கீறல். யாரோ ரெண்டு சுத்து சுத்தியிருக்காங்க."

சொன்னால் இனி வராமலே போய்விடுவாளோ...

"நான்தாங்க."

"எதிர்ல வர்றவங்க கண்ணு என்னாகும்?"

"ரோட்டுக்கே எடுக்கல. உங்களக் கூப்பிட வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் சுத்தினேன். சரியாயிட்டா நீங்க வரமாட்டீங்களே... வாழ்க்கையில முதல் தடவையா வேணும்னே அளவு தப்பினேங்க. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் குனிந்து, நிதானமாக, இரண்டு சுற்று திருப்பிச் சுற்றினாள். வெளிச்சம் தன் இடத்துக்கு இறங்கியது.

"போன வாரமே கீறலப் பாத்துட்டேன். நீங்களா எப்போ சொல்லுவீங்கன்னுதான்..." அந்தக் கண்கள் சிரித்தன. "அடுத்த சனிக்கிழமை லைட்டத் தொடாதீங்க."

"அப்போ..?"

"சும்மாவே வர்றேன்."