வெறுங்கொக்கி

கடைசி மேசையில் தவளையே இல்லை. மெழுகுத் தட்டு காலியாகக் கிடந்தது, நூலின் நுனியில் கொக்கி வெறுமனே தொங்கியது. ஆனாலும் எழுதுமுள் ஏறி இறங்கிக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

வகுப்பை நடத்திக்கொண்டிருந்த அவள் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதயச் செய்முறை நடக்கிற நாளில் அந்த ஆய்வகத்தில் எதுதான் ஆடாது? மற்ற மேசைகளில் மாணவர்கள், மூளையும் தண்டுவடமும் செயலிழந்த தவளைகளின் மார்பைத் திறந்து, தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்த இதயங்களின் நுனியில் கொக்கியை மாட்டி, நூலை மேலே எழுதுமுள்ளோடு கட்டியிருந்தார்கள். இதயம் சுருங்கினால் நூல் இழுபடும், முள் அசையும், மெல்லச் சுற்றும் உருளையின் கரித்தாளில் வெள்ளைக் கோடு ஒரு மேடு ஏறி இறங்கும். ஊரே கணினிக்கு மாறிவிட்ட காலத்திலும் இங்கே மட்டும் மண்ணெண்ணெய் விளக்கில் தாளுக்குப் புகை பிடிக்கிற வழக்கம் போகவில்லை. போக விடாதவள் அவள்தான். "திரையில பார்த்தது பரீட்சையோட போயிடும். கையை நனைச்சாத்தான் மண்டையில ஏறும்" என்பாள், செய்முறை வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு கூட்டத்திடமும்.

நனைப்பதுதான் அவளுடைய பல்லவி. திறந்துவைத்த இதயம் காயவே கூடாது, ரிங்கர் என்கிற உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று மேசை மேசையாகக் கத்திக்கொண்டு போவாள். பிள்ளைகள் அவளுக்கு 'நனை மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஓர் உயிரைக் கொடுத்து உண்டாக்கின தயாரிப்பு ஒரு நிமிஷம்கூடச் சும்மா கிடக்கக் கூடாது. கை கழுவவோ தண்ணீர் குடிக்கவோ போகிறவர் சொட்டுக்குழாயைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாங்கினவர் வாயைத் திறந்து எதையும் கேட்கக் கூடாது, அடுத்த கட்டத்தைச் செய்துகொண்டே போக வேண்டும். வருடக்கணக்காக இப்படிப் பழக்கி வைத்திருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இன்றைக்குக் கத்த முடியவில்லை. ஏழாம் மாதம், மூச்சு வாங்கியது. இரண்டு முறை தங்காமல் போன பிறகு தங்கிய பிள்ளை. வேலையை விடச் சொல்லி மாமியார் முணுமுணுத்தாள், விடுப்பு எடுக்கச் சொல்லிக் கணவன் கெஞ்சினான், இவள்தான் இந்தப் பருவம் முடியட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆனாலும் பயம் விடுமா? வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொள்ளாமல் இப்போதெல்லாம் அவள் ஒரு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. மதியச் சாப்பாட்டிலிருந்து உள்ளே ஒரே ஆட்டம், புரண்டு புரண்டு உதை. அந்த உதை இருக்கிறவரைக்கும் அவளுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மதியமே மாலை மாதிரி இருட்டிவிட்டது, மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமியது. குழல்விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. புகைக்கரி வாசனையும் ஈரத் தோலின் பச்சை வாசனையும் கலந்து அறைக்குள் தேங்கி நின்றன.

"அண்ணே, அந்தக் கடைசி மேசையைக் கொஞ்சம் பாருங்க. எழுதுற லீவர் தானா ஆடுது."

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜெனரேட்டர் ஓடினா என் பல்லே ஆடுது மேடம். லீவர் ஆடாதா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உருளையின் அருகே போய்க் குனிந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

அதிர்வால் முள் ஆடினால் கோடு கிறுக்கலாகத்தான் விழும். இது கிறுக்கல் இல்லை. ஒவ்வொரு மேடும் முந்தின மேட்டைப் போலவே இருந்தது, சின்னதாக, கூர்மையாக, நெருக்கி நெருக்கி. எந்தத் தவளையின் இதயமும் இந்த வேகத்தில் துடிக்காது. இதில் பாதிகூட வராது. ஆனால் இந்த வேகம் அவளுக்குத் தெரியும். போன வாரம் ஸ்கேன் அறையில், வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை அழுத்திய டாக்டர், "கேளுங்க, குதிரை ஓடுது" என்று ஒலியைக் கூட்டி வைத்தார். கணவன் அதைப் போனில் பதிவு செய்து வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடம்.

சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயிருந்து ஓடியிருப்பார்கள். அவளுக்குக் கை வேறு மாதிரி பழகியிருந்தது. ஒரு கோட்டின் மேல் சந்தேகம் வந்தால் குளிர்ந்த ரிங்கரை விட்டுப் பார்ப்பது வழக்கம். உயிருள்ள தசை என்றால் வேகம் குறையும், வெறும் அதிர்வு என்றால் குறையாது. யோசிக்கவே இல்லை. பனிக்கட்டியில் வைத்திருந்த புட்டியிலிருந்து சொட்டுக்குழாயில் உறிஞ்சி, அந்த வெறுங்கொக்கியின் மேல் விட்டாள்.

சொட்டு கீழே விழவில்லை. கொக்கிக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில், எதன்மேலோ வழிந்து பரவித் தங்கியது.

கோட்டில் மேடுகள் விலகின. இன்னும் விலகின.

அவளுடைய வயிற்றுக்குள் ஆட்டம் நின்றது. மதியத்திலிருந்து ஓயாமல் புரண்டது, நடுங்கி, சுருண்டு, அப்படியே அசையாமல் போயிற்று. அடிவயிற்றில் பனிக்கட்டியை வைத்தது போல ஒரு சில்லிப்பு உள்ளிருந்து வெளியே பரவியது.

"ஐயோ..."

வெந்நீரில் வைத்திருந்த புட்டி எங்கே? எடுத்தாள். அவசரத்தில் பாதி மேசையில் கொட்டியது, மீதி விழுந்தது. ஒரு மேடு. இன்னொன்று. மறுபடி நெருங்கி, நெருங்கி, குதிரை ஓடத் தொடங்கியது. விலா எலும்புக்குக் கீழே ஓங்கி ஓர் உதை விழுந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நூலை அவிழ்க்கலாமா? கொக்கி குத்தியிருக்கிற இடம் என்ன ஆகும்? உருளையை நிறுத்தலாமா? எதைத் தொடவும் பயம். சொட்டு விட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு முறை சொட்டை நிறுத்திப் பார்த்தாள், மேடுகள் தாழ்ந்தன. உடனே விட்டாள். காய விடக் கூடாது, அவ்வளவுதான். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கணவன் வரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஸ்கேனில் பார்த்துவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும்.

போனை எடுத்தாள். மழை பெய்தால் ஆய்வகத்துக்குள் சிக்னல் என்பது பெயருக்குக்கூடக் கிடையாது. வராந்தாவுக்குப் போக வேண்டும்.

முன்மேசையில் இருந்த மாணவி பக்கத்தில் வந்து நின்றாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி, நீள விரல்காரி, மயிரிழை நூலில்கூடச் சுத்தமாக முடிச்சுப் போடுவாள். "உடம்பு சரியில்லையா மேடம்? வேர்த்துக் கொட்டுது."

"ஒண்ணுமில்லம்மா. இதை நனைச்சுக்கிட்டே இரு. ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

சொட்டுக்குழாயை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

வராந்தாவில் சாரல் அடித்தது. மூன்றாவது முறைதான் கணவனுக்கு இணைப்புக் கிடைத்தது.

"என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"வந்து கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"வலிக்குதா?"

"வலியில்ல. சொன்னா நம்ப மாட்டீங்க. வாங்களேன்."

"பயந்துக்காதே. குழந்தை அசையுதா?"

"அசையுது. நல்லாத்தான்..."

நிறுத்தினாள். உள்ளே ஏதோ இறுகியது. பிரசவ வலி இப்படி இருக்காது. மெல்லிசாக, துல்லியமாக, ஒரே இடத்தில், யாரோ நிதானமாக ஒரு நூலைச் சுற்றி இழுக்கிற மாதிரி.

குளிர்ந்த கரைசல், சூடான கரைசல், அதற்கு அடுத்த கட்டம் என்ன? அவளே எழுதி எல்லா மேசையிலும் ஒட்டி வைத்தது. இதயத்தின் மேல்பகுதியில் நூலால் முதல் முடிச்சு. துடிப்பு நிற்பதைக் கவனிக்கவும்.

சொட்டுக்குழாய். கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பாவி, தன் கையாலேயே.

ஓடினாள். எப்படி ஓடினாளோ, வயிற்றை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு, ஈரத் தரையில் வழுக்கி, சுவரைப் பிடித்து.

வகுப்பு முழுவதும் கடைசி மேசையைச் சுற்றி நின்றது. அவளைக் கண்டதும் வழிவிட்டார்கள். உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கரியின் மேல் ஒரே நேர்கோடு.

"முதல் முடிச்சு போட்டாச்சு மேடம்." மாணவியின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரலில் பாராட்டை எதிர்பார்க்கிற ஆவல். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா விரல்ல துடிச்சுச்சு. ரொம்பச் சின்னது."

"யாரு உன்னை..."

"நீங்கதானே குழாயைக் குடுத்தீங்க?"

கொக்கிக்குக் கீழே காற்றில் ஒரு நூல் வளையம் நின்றது. கடுகளவுக்கு இறுகியிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

இடுக்கியை வாங்கினாள். நழுவியது. நகத்தால் பற்றினாள். விரல் நுனியில் பட்டது, மெத்தென்று, ஈரமாக, அசையாமல். முடிச்சு இளகியது. நூல் அவிழ்ந்து தட்டில் விழுந்தது.

சூடான கரைசல். ஒரு குழாய். இன்னொன்று. புட்டியோடு கவிழ்த்தாள்.

நேர்கோடு.

"வந்துடு கண்ணு. அம்மாகிட்ட வந்துடு. என் தங்கமில்ல, வந்துடு."

உதவியாளர் ஈரக் கையோடு வந்து நின்றார். மழைச் சத்தம். உருளைச் சத்தம்.

முள் அசைந்தது.

ஒரு மேடு!

யாரோ கை தட்டினார்கள். கெட்டிக்காரப் பெண் விம்மி அழுதுவிட்டாள். இவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

அடுத்தது வரவில்லை. வரவில்லை. பிறகு வந்தது. அகலமாக, உருண்டையாக, சாவகாசமாக. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று.

குதிரை இல்லை.

அவள் மெல்லத் தலையைத் திருப்பி அடுத்த உருளையைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. மேசை மேசையாக, வரிசையாக, எல்லாத் தவளைகளின் கரித்தாளிலும் அதே அகல மேடு. அதே இடைவெளி. ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கின.

"நல்லா வருது மேடம்," என்றார் உதவியாளர், ஆறுதலாக. "இப்பதான் சரியா வருது."

வயிற்றுக்குள் அசைவு தெரிந்தது. அவள் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். கை இதுவரை அறிந்த உதை இல்லை, புரளலும் இல்லை. உள்ளே இரண்டு கால்கள் ஒரே சமயத்தில் அகலமாக மடங்கின. சற்று நேரம் அப்படியே இருந்தன. பிறகு ஒரே சமயத்தில் பின்னால் நீண்டன. அது வழுக்கிக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போனது, அங்கே நின்றது, மறுபடி கால்களை மடக்கியது.