சக்கரங்கள் நிற்கும் நேரம்

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அடித்தளத்து எலி அறைக்குள் நுழைந்த ஆய்வு மாணவிக்கு, கதவைச் சாத்தியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தம்தான். சூரிய வெளிச்சமே எட்டாத அந்த அறையில், மங்கிய சிவப்பு விளக்கின் கீழ், ஒவ்வொரு எலிக்கும் அதற்கென்று ஒரு பகலும் ஒரு இரவும் உண்டு. ஒன்று சுருண்டு தூங்கும்போது இன்னொன்று தன் கூண்டுச் சக்கரத்தில் ஏறி ஓடும். அதனால் எந்நேரமும் தகரக் கூரையில் தூறல் விழுவது போல முன்பின்னாகச் சிதறிய ஓசை கேட்டபடி இருக்கும். மனச்சோர்வு மருந்து அந்த உடல் கடிகாரத்தை எப்படி மாற்றுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இன்று ஓடிக்கொண்டிருந்த சக்கரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் ஓடின.

மரத்தூள், சிறுநீர், கிருமிநாசினி. பழகிய வாடைக்கு அடியில் புதிதாக ஒன்று, துருப்பிடித்த இரும்பை நக்கியது போல நாக்கில் ஒட்டியது.

சக்கரங்கள் நின்றன. சொல்லிவைத்தாற்போல், எல்லாம்.

அவள் முதல் கூண்டருகே குனிந்தாள். ஒவ்வொரு கூண்டையும் நடுவில் ஒரு கம்பி வலை பிரித்தது: வலப்பக்க எலிக்கு மருந்து கலந்த தண்ணீர், இடப்பக்க எலிக்கு வெறும் தண்ணீர். வலையில் கடித்துப் போட்ட ஓட்டை. வெறும் தண்ணீர் குடித்த எலி மல்லாந்து கிடந்தது. கழுத்து இருந்த இடத்தில் ஒரு குழி. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் நிறமாகத் தெரியவில்லை, ஈரமாக மட்டும் மினுங்கியது. அடுத்த கூண்டும் அப்படியே. அதற்கடுத்ததும். கடைசிக் கூண்டில் இடப்பக்க எலி இன்னும் உயிரோடு மூலையில் ஒண்டிக் கீச்சிட்டது. அவள் கண்ணெதிரே வலைக்குள் ஒரு தலை நுழைந்தது. கீச்சொலி பாதியில் அறுந்தது.

சக்கரங்கள் மறுபடி ஓடின.

சுவரில் இருந்த போனை எடுத்தாள். "டாக்டர், கொஞ்சம் கீழ வாங்களேன். எலிங்க ஒண்ணை ஒண்ணு கொன்னுருக்கு."

எலிகளைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர் மாடிப்படி இறங்கியதில் மூச்சு வாங்க உள்ளே வந்தார். எதையும் சிரித்தே கடத்துகிற மனிதர்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் கூண்டுகளைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"வெறும் தண்ணி குடிச்சதுங்க மட்டுமா செத்திருக்கு?"

"ஆமா டாக்டர். எல்லாக் கூண்டுலயும்."

"அப்ப நான் பொழைச்சேன்." சிரித்தார். "பொண்டாட்டி விட்டுட்டுப் போனதுலேருந்து எனக்கும் இதே மருந்துதான். இதுங்களுக்குத் தண்ணியில, எனக்கு காப்பியோட."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய வலது காலணி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. டக், டக், டக். சக்கரங்களோடு. இம்மியும் பிசகாமல்.

"டாக்டர், உங்க கால்..."

"காலுக்கென்ன?" குனிந்து பார்த்தார். முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "நான் ஆட்டலம்மா."

தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். கால் கைகளையும் சேர்த்து ஆட்டியது.

"வெளிய போ. ஓடு. சீக்கிரம் கதவைத் தொற—"

சக்கரங்கள் நின்றன.

கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அவர் நின்றார். கண்ணில் யாரும் இல்லை. அவள் பக்கவாட்டில் பாய்ந்தாள். தலைமுடி அவர் பிடியில். பிறகு தோளில் பற்கள். துணி கிழிந்தது. தோல். அதற்கடியில் இருந்த சதை. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கை மேசையைத் துழாவியது. கூண்டின் இரும்பு மூடி. அடித்தாள். விடவில்லை. விளிம்பால் அடித்தாள். மறுபடி. மறுபடி. மண்டை ஓடு நொறுங்கியது மூடி வழியே அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்தது.

பற்கள் தளர்ந்தன. அவர் சரிந்தார்.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். தோளிலிருந்து சூடாக இடுப்பு வரை வழிந்தது. அவர் மார்பு அசையவில்லை. பாதி முகம் இல்லை. கூண்டுகளில் எலிகள் பின்னங்கால்களில் எழுந்து, அசையாமல், அவளைப் பார்த்தன.

சக்கரங்கள் ஓடத் தொடங்கின.

ஒருக்களித்துக் கிடந்த அவருடைய கால்களும். டக், டக், டக். குதிகால்கள் சிமெண்டைத் தேய்த்து, ரத்தத்தில் வழுக்கி, உடைந்த தலையை மெல்ல மெல்ல அவள் பக்கம் திருப்பின.