வேரில்லாத கிளைகள்

வேரே இல்லாத கிளையில் புதுத் துளிர் வந்திருந்தது.

ஹெர்லினா குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது. முந்தாநாள் வெட்டி மண்ணில் சொருகிய வெறும் கிளை அது. இந்நேரம் இலை சுருண்டு கருகியிருக்க வேண்டும். நிலக்கரி எடுத்து முடித்த குழியை மூடி, அந்தச் சரிவில் பழைய காட்டைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அவளுடைய நடவுக்குழுவின் வேலை. மேல்மண்ணை மெலிதாகப் பரப்பியதில், அடியிலிருந்த கறுப்புக் களிமண்ணின் அமிலப் புளிப்பு ஏறி, நட்ட மெரந்தி மர நாற்றுகள் அத்தனையும் செத்துப்போயின. நாளைக்கு அதிகாரிகளின் ஆய்வு. தூரத்துப் பார்வைக்குப் பச்சையாகத் தெரிந்தால் போதும் என்று, சுரங்க எல்லையில் மிஞ்சி நின்ற, தேனீக்கள் கூடுகட்டும் தேன்மரத்தில் கிளை வெட்டிவரச் சொன்னவள் அவள்தான்.

ஏறி வெட்டியவன் அவள் கணவன் டாலியுஸ். தேனெடுக்க ஏறிப் பழகியவன்தான், ஆனாலும் தயங்கினான். தேன்மரத்தை வெட்டினால் மனுஷனைக் கொன்றதற்கு உண்டான தண்டம்தான் அவர்கள் ஊர் வழக்கம்.

"மரத்தையா வெட்டச் சொன்னேன்? கிளையத்தானே," என்று எரிந்து விழுந்தாள். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த டாலியுஸ், சாய்ந்த கிளைகளை நிமிர்த்திவிட்டு வருவதாக இன்று காலை சரிவில் ஏறியவன், சோற்றுக்கும் இறங்கி வரவில்லை. வாக்கி-டாக்கியிலும் பதிலில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சப்ரானைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். சப்ரான் ஆற்றங்கரைக்காரன், குழுவின் வாயாடி.

"உங்க புருஷன் உச்சியில குறட்டை விட்டுட்டிருப்பான்க்கா. நாளைக்கு வர்றவங்க அவனையும் ஒரு செடின்னு எண்ணிடப் போறாங்க."

அவள் சிரிக்கவில்லை. மழையின் சளசளப்புக்கு அடியில், ஈர மண்ணுக்குள் யாரோ துணியை மெல்லக் கிழிப்பதுபோல வேறொரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தேனும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை மூக்கை விட்டுப் போக மறுத்தது. முந்தாநாள் முழங்கால் உயரத்துக்குச் சொருகிய கிளைகள் மேலே போகப்போக இடுப்பளவு, மார்பளவு, பிறகு ஆள் உயரம் என்று நின்று, ஒன்றோடொன்று பின்னி வழியை அடைத்திருந்தன.

சப்ரான் ஒன்றைப் பிடுங்கப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். மேலேயிருந்து ஒரு முனகல்.

டாலியுஸ்.

அடிபட்டுக் கிடக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வாக்கி-டாக்கியை வாயருகே பிடித்து, கீழே இருக்கிற அத்தனை பேரும் கத்தியோடு வரவேண்டும், குறுக்கே நிற்பதையெல்லாம் வெட்டித் தள்ளிக்கொண்டு ஏறவேண்டும் என்று உத்தரவு போட்டாள். சப்ரானை அங்கேயே வெட்டச் சொல்லிவிட்டு, இடுக்குகளில் உடம்பை நுழைத்து மேலே ஊர்ந்தாள்.

பின்னால் முதல் வெட்டு விழுந்தது.

மேலே அலறல்.

இரண்டாம் வெட்டு. அலறல். கன்னத்தைக் குச்சி கிழித்தது. அவள் நிற்கவில்லை.

உச்சியில் டாலியுஸ் நின்றுகொண்டிருந்தான். தொடை வரை மண்ணுக்குள். தொடையிலிருந்து புறப்பட்ட வேர்கள், நரம்பு புடைத்த கைகளைப்போல, சரிவின் ஒவ்வொரு கிளையையும் நோக்கி ஓடின. இடது முன்கை எலும்பு தெரியப் பிளந்திருந்தது. விலாவில் இன்னொரு பிளவு. சுற்றிலும் யாருமில்லை. கத்தியுமில்லை.

கீழே டக்கென்று ஒரு சத்தம். அவள் கண்ணெதிரே அவன் தோள் திறந்துகொண்டது.

"நிறுத்தச் சொல்லு, ஹெர்லி," என்றான். "வெட்ட வேணாம்னு சொல்லு."

பொத்தானை அழுத்தினாள். வெட்டாதீங்க. வெட்டாதீங்க. திரும்பத் திரும்ப. ஆனால் மறுமுனையில் சப்ரான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தவரை அவள் குரல் யாருக்கும் போய்ச் சேராது.

"அவன் கத்துறது கேக்குதுக்கா. பயப்படாதீங்க. எல்லாரும் வந்தாச்சு. வேகமா வெட்டிட்டே வர்றோம்."

அலறல் கூடக்கூடக் கத்திகளின் வேகமும் கூடியது. வயிறு. மார்பு. தாடை. அவள் இரண்டு கைகளாலும் காயங்களைப் பொத்தினாள். கைகளுக்கு வெளியே புதிய காயங்கள். ரத்தம் மழையோடு சரிவில் இறங்கியது. தொண்டை கிழியக் கத்தினாள். அதைக் கேட்டு இன்னும் வேகமாக வந்தார்கள்.

இலைகள் விலகின. சப்ரானின் முகம். மூச்சிரைப்பு. அவர்களுக்கு நடுவே கடைசியாக ஒரே ஒரு கிளை.

"வந்துட்டேன்க்கா."

அவள் பாய்ந்தாள். அதற்குள் கத்தி இறங்கிவிட்டது.

டாலியுஸின் தலை அறுந்து அவள் கைகளில் விழுந்தது. சப்ரானின் கத்தி நழுவிச் சேற்றில் புதைந்தது. கீழே மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சரிவின் அகலம் முழுக்க டக், டக், டக்கென்று வெட்டிக்கொண்டே ஏறினார்கள்.

ஒவ்வொரு வெட்டுக்கும், அவள் கைகளுக்குள், அந்தத் தலை வாயைத் திறந்து அலறியது.